சுவரில் வாழும் கலைகள்

கோயிலுக்குச் செல்லும்போது நாம் முதலில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைக் காண்பவர் கண்ணில் படுவன அதன்மேல் நெருக்கமாக நிற்கும் சுதைச் சிற்பங்களே. அவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? மேலே செல்லச் செல்லக் குறுகும் ஒரு வெற்றுச் சுவர். அதைக் கோபுரம் என்று சொல்ல நமக்கு மனம் வராது. சரி, சிற்பங்களை மட்டும் இறக்கித் தரையில் வரிசையாக வைத்தால்? அவையும் கொலுப் பொம்மைகளாக மாறிவிடும்.

கட்டடம் ஒரு பெட்டி, மற்ற கலைகள் அதற்குள் வைக்கும் நகைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழர் கட்டடக் கலையின் சிகரம் எனப்படும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

முதலாம் இராசராச சோழன் எழுப்பிய இக்கோயில் 1010ஆம் ஆண்டு நிறைவுற்றது. இதன் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் கொண்டது. இவ்வளவு பெரிய கற்சுமையைத் தாங்க ஒரு சுவர் போதாது. ஆகவே, கருவறையைச் சுற்றி உள்சுவர், வெளிச்சுவர் என இரண்டு சுவர்கள் எழுப்பப்பட்டன. மேலே சென்றதும் இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கி இணைந்து விமானத்தைத் தாங்குகின்றன. சுமையைத் தாங்குவதற்காகச் செய்த இந்த ஏற்பாட்டினால், இரு சுவர்களுக்கும் இடையே கருவறையைச் சுற்றிவரும் ஒரு குறுகிய நடைபாதை கிடைத்தது. கீழ்த்தளத்து நடைபாதை ஓவியர்களுக்கு உரியதாயிற்று. மேல்தளத்து நடைபாதை சிற்பிகளுக்கு உரியதாயிற்று.

கீழ்த்தளத்தில் ஓவியர் சந்தித்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். கருங்கல்லில் வண்ணம் நேரடியாக ஒட்டாது. அதனால், சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன் ஈரம் காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஒரு கோடு பிழையானால் அழித்து எழுத முடியாது. அங்கு வெளிச்சமும் குறைவு. தாம் வரைந்த ஓவியம் முழுவதையும் பார்க்க ஓவியர் நான்கடி பின்னே நகர்ந்தால் எதிர்ச்சுவர் முதுகில் இடிக்கும்! இடம் அகலமாக இல்லை, உயரமாக இருந்தது. ஆகவே, ஓவியர் கதையை உயரவாக்கில் சொன்னார். சுந்தரர் வரலாற்றைக் காட்டும் ஓவியத்தில், அவருடைய திருமணத்தை முதியவர் ஒருவர் வந்து தடுக்கும் காட்சி கீழே உள்ளது. வெள்ளை யானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சி அதற்கு மேலே உள்ளது. உச்சியில் கயிலை. மண்ணில் தொடங்கி விண்ணில் முடியும் கதையை நம் கண்ணும் கீழிருந்து மேலேறியே படிக்கிறது. அகலமான மண்டபச் சுவர் கிடைத்திருந்தால் இந்த ஓவியம் இப்படி அமைந்திருக்காது என்றே தோன்றுகிறது.

மேல்தளத்தில் இருப்பது நடனம். பரதரின் நாட்டிய சாத்திரம் 108 கரணங்களைக் கூறுகிறது. கரணம் என்பது கையும் காலும் உடலும் இசைந்து செய்யும் ஓர் அசைவு. தஞ்சையில் சிவபெருமானே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மற்ற 27 கரணங்களுக்கான கற்கள் உளி படாமல் வெறுமையாகவே நிற்கின்றன. இந்த வெற்றுக் கற்கள் நமக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன. சிற்பங்களை வேறோர் இடத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தவில்லை. கற்களை முதலில் சுவரில் அடுக்கிய பிறகே, நின்ற இடத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

நடனம் ஓடிக்கொண்டே இருப்பது, கல்லோ அசையாதது. ஓர் அசைவு முழுவதையும் ஒரே கல்லில் காட்ட இயலாததால், அதன் ஒரு கணத்தை மட்டும் சிற்பி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் கரணச் சிற்பங்களை ஆராய்ந்தபோது இதையே வற்புறுத்தினார். கரணம் என்பது அசையாமல் நிற்கும் நிலை அன்று, அது ஓர் அசைவு. சிற்பம் காட்டுவது அவ்வசைவின் ஒரு கட்டத்தையே என்று விளக்கி, அவற்றை மீண்டும் ஆடியும் காட்டினார். அன்று ஆடற்கலையிடம் சிற்பி பெற்ற கடன், இவ்வாறு ஆடற்கலைக்கே திரும்பி வந்தது.

இக்கோயிலின் கல்வெட்டுகளும் குறிப்பிடத்தக்கவை. அவை அரசன் அளித்த கொடைகளோடு நின்றுவிடவில்லை. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரைக் கூறுகின்றன. தேவாரம் பாட 48 பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரும் நியமிக்கப்பட்டதைக் கூறுகின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட 400 ஆடல் மகளிருக்கு வீடும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டதையும் கூறுகின்றன. கல்லை அடுக்கியதோடு வேலை முடிந்துவிட்டதாக அரசன் கருதவில்லை. பாட்டும் ஆட்டமும் நாள்தோறும் நிகழ்வதற்கு வழி செய்தபின்தான் அவனுக்குக் கோயில் முழுமை பெற்றது போலும்.

இத்தனையும் நமக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. நாயக்கர் காலத்தில், சோழர் ஓவியங்களின்மேல் புதிய சாந்து பூசிப் புதிய ஓவியங்களை வரைந்தார்கள். அடியில் இருந்தவை மறக்கப்பட்டன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டு அந்த இருண்ட நடைபாதைக்குள் சென்று பார்த்தபோது, உதிர்ந்த மேற்பூச்சுக்கு அடியிலிருந்து சோழர் ஓவியங்கள் எட்டிப் பார்த்தன. நல்லவேளையாக, அவற்றை மூடியவர்களும் ஓவியர்களே. சுரண்டிவிட்டு வரையாமல் மேலே பூசினார்கள்.

எல்லாக் கோயில்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. தமிழ்நாட்டில் சில கோயில்களின் திருப்பணியின்போது, சுவர் அழுக்காக இருக்கிறது என்று பழைய ஓவியங்களின்மேல் வெள்ளையடித்தார்கள். வேறு சில இடங்களில் கல்லைத் தூய்மை செய்வதற்காக இயந்திரத்தால் மணலை வேகமாகப் பீய்ச்சினார்கள். சுவர் பளபளத்தது, ஆனால், சிற்பத்தின் விரல்களும் கல்வெட்டின் எழுத்துகளும் தேய்ந்தன. செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவர்கள் சுவரைச் சுவராக மட்டுமே பார்த்தார்கள்.

தஞ்சையில் ஆடல் மகளிர் வாழ்ந்த அந்தப் பழைய வீடுகள் இன்று இல்லை. ஆனால், அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்த வரிசையில், எத்தனையாவது வீட்டில் குடியிருந்தவர் என்பது வரை, ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் கல்லில் படிக்க முடிகிறது.