யாரும் எழுதாத புரோகிராம்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எந்தத் தையல் கடைக்குப் போனாலும் மேஜைமேல் ஒரு நீள நோட்டு கிடக்கும். பெயர், போன் நம்பர், அளவு, கொடுக்க வேண்டிய தேதி, அட்வான்ஸ், பாக்கி. பக்க ஓரத்தில் அடையாளத்துக்கு அந்தத் துணியிலேயே ஒரு துண்டு வெட்டிப் பின் குத்தியிருக்கும். இந்த நோட்டை செல்போன் ஆப்பாக மாற்ற வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஒரு புரோகிராமரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்று கூகுளின் ஆப்ஷீட், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ், நம்ம ஊர் ஜோஹோவின் கிரியேட்டர் எனப் பல கருவிகள் இருக்கின்றன. பெட்டிகளை இழுத்துப் போட்டு, தலைப்பு கொடுத்தால் ஆப் தயார். கோடே எழுத வேண்டாம் என்றால் 'நோ-கோட்', கொஞ்சம் எழுதினால் போதும் என்றால் 'லோ-கோட்'.

அப்படியானால் அந்த ஆப்புக்கான புரோகிராமை எழுதியது யார்?

திரைக்குப் பின்னால் கருவியே நமக்காக எழுதித் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படிச் செய்யும் கருவிகளும் உண்டு. ஆனால் இந்தத் துறையின் பெரிய கருவிகள் பலவற்றில் உங்கள் கடைக்கென்று தனியாக எந்த புரோகிராமும் எழுதப்படுவதில்லை. திரையில் நீங்கள் ஒரு பெட்டியை இழுத்து வைத்ததும், அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரு குறிப்பு ஏறுகிறது: 'இந்தக் கடை, ஆர்டர் படிவம், நான்காவது பெட்டி, பெயர் டெலிவரி தேதி, வகை தேதி, காலியாக விடக்கூடாது.' இத்தகைய குறிப்புகளின் தொகுப்புதான் உங்கள் ஆப். எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரே புரோகிராம் அந்தக் குறிப்புகளை ஒவ்வொரு முறையும் படித்து, உங்களுக்கு உங்கள் படிவத்தையும் பக்கத்துக் கடைக்காரருக்கு அவர் படிவத்தையும் காட்டுகிறது. புரொஜெக்டர் ஒன்றுதான், படச்சுருள்தான் மாறுகிறது.

1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் தன் தளம் இப்படித்தான் இயங்குகிறது என்று வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறது. வாடிக்கையாளர் நிறுவனங்கள் புதிது புதிதாக வரையறுக்கும் அட்டவணைகளுக்கு அங்கே தனித்தனி அட்டவணை உருவாவதில்லை. எல்லாம் ஒரே ராட்சத அட்டவணைக்குள் போகின்றன. அதன் பத்திகளுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'மதிப்பு 0' முதல் 'மதிப்பு 500' வரை வெறும் எண்கள். ஒரே பத்தியில் ஒரு நிறுவனத்தின் தேதியும், இன்னொன்றின் போன் நம்பரும், மூன்றாவதின் விலையும் அடுத்தடுத்து இருக்கலாம். எது தேதி, எது விலை, எது யாருடையது என்பது குறிப்புகளுக்கு மட்டுமே தெரியும். முதல்முறை இதைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. இத்தனை களேபரத்துக்கு நடுவே ஒருவர் கணக்கு இன்னொருவர் திரையில் வராமலிருக்கிறதே!

கோட் எழுதாமலே கணினியை வேலை வாங்கும் இந்தப் பரம்பரையின் பாட்டி, 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வந்த விசிகால்க் என்ற விரிதாள். டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் உருவாக்கியது. கட்டங்களுக்கு இடையிலான உறவை மட்டும் சொன்னால் போதும், 'அளவு பெருக்கல் விலை' என்பதுபோல. ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கட்டங்களும் மாறிவிடும். எக்செல்லில் கூட்டல் சூத்திரம் போடும் கணக்குப்பிள்ளைகள் எல்லோரும் தெரியாமலே புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பவர்கள்தான்.

ஆனால் 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்ற விளம்பரம் பாதிதான் உண்மை. கோட் வேண்டாம், யோசனை வேண்டும். தையல் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் வருடத்துக்கு நான்கு முறை வருகிறார். ஒவ்வொரு வரியிலும் அவர் பெயரையும் நம்பரையும் எழுதினால், நம்பர் மாறும்போது ஓரிடத்தில் திருத்தி மூன்றிடத்தில் விட்டுவிடுவோம். எனவே வாடிக்கையாளர் ஒரு பட்டியல், ஆர்டர் இன்னொரு பட்டியல். ஆர்டரில் வாடிக்கையாளரின் வரிசை எண் மட்டும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த சிந்தனை இது. எந்தக் கருவியும் இதை நமக்காகச் சரியாகப் பிரித்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது.

கருவியின் எல்லை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததே சாட்சி. கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. 15,841 பேரின் தொற்று விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

உங்கள் ஆப் வெறும் குறிப்புகள்தான் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் குறிப்புகளைப் படிக்கும் புரோகிராம் உங்களிடம் இல்லை. நிறுவனம் மாதக் கட்டணத்தை ஏற்றினாலும், அந்தச் சேவையையே மூடினாலும், படிவத்தையும் பட்டனையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. கையோடு வரக்கூடியது தரவு மட்டுமே. ஆகவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எல்லாத் தரவையும் சிஎஸ்வி கோப்பாக எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்தக் கருவி வேண்டாம். முடியுமென்றால் மாதத்துக்கு ஒருமுறையாவது இறக்கி, கடைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.