வயலுக்குள் வந்த ஜலம்

காவிரிக்கு மேட்டூரில் 1934-ஆம் ஆண்டு அணை முடிந்தது. பவானி ஆற்றுக்கு 1955-ஆம் ஆண்டு முடிந்தது. பல காத தூரம் ஓடும் கால்வாய்களைப் பொறியாளர்கள் அங்குலக் கணக்கில் அளந்து வெட்டினார்கள். அந்த ஜலம் வயலுக்குள் நுழைந்த பிறகோ, அதன் கணக்கைக் கேட்பார் அரிது. மடையைத் திறந்துவிட்டுக் கோடி நனையும்வரை காத்திருப்பதே நம்மிடையே பெருவழக்கு.

இதில் என்ன குறை என்று நேயர்கள் வினவலாம். கொங்கு நாட்டுக் கரும்புத் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சால் நீளமாகவும் ஓட்டம் மெலிந்தும் இருந்தால், தலைப்பிலுள்ள மண் முதல் நிமிஷத்திலிருந்தே குடித்துக்கொண்டிருக்கும். கோடி மண் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். தலைப்பில் வேருக்குக் கீழே இறங்கும் ஜலம், காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. கோடிப் பயிர் வாடக் கண்ட உழவர் இன்னும் நெடுநேரம் பாய்ச்சுகிறார், நஷ்டமே பெருகுகிறது.

சிறு ஓட்டத்தை நெடுநேரம் விடுவதினும் பெரிய ஓட்டத்தைக் குறுகிய நேரம் விடுவதே நலம். வேண்டிய ஆழம் நனைய 4 மணி நேரம் ஆகுமானால், 1 மணி நேரத்திற்குள் ஜலம் கோடியை எட்ட வேண்டும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. எட்டியதும் மடையைப் பாதி அடைத்துவிடலாம். மண்ணை அரிக்கும் வேகம் மட்டும் கூடாது. மணற்பாங்கில் சால் குறுகியிருக்க வேண்டும், களிமண்ணில் நீளலாம். கிணற்றில் ஊற்றுக் குறைவானால் எல்லாச் சால்களையும் ஒருங்கே திறவாமல் இரண்டிரண்டாகத் திறந்தால் ஓட்டத்திற்கு வலு வந்துவிடும்.

ஓர் ஏக்கரில் 1 அங்குலம் ஜலம் நிற்க 3,630 கன அடி வேண்டும். வினாடிக்கு 1 கன அடி ஓடும் வாய்க்கால் ஒரு மணி நேரத்தில் 3,600 கன அடி தருகிறது. 2 அங்குலம் தேவைப்படும் ஏக்கருக்கு அந்த வாய்க்கால் 2 மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறையப் போதும். மடையைத் திறந்துவிட்டு இரவெல்லாம் நித்திரை செய்வோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக!

பாய்ச்சிய மறுநாள் ஓர் இரும்புக் கம்பியைத் தலைப்பிலும் நடுவிலும் கோடியிலும் மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை எளிதில் இறங்கும். காய்ந்த மண்ணை முட்டியதும் நிற்கும். மூன்று ஆழங்களையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை சாலின் நீளத்தையோ ஓட்டத்தையோ மாற்றலாம்.