பழம்பட்டும் பழைய நகையும் விற்கும் விதம்

பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்கினால் அது மங்கள காரியம் என்றும், அதையே ரொக்கமாக மாற்றினால் குடும்பம் நொடித்துவிட்டதற்கு அடையாளம் என்றும் ஒரு விசித்திரமான தர்மசாஸ்திரத்தை நம்மவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சங்கோஜத்தினாலேயே, அக்கம்பக்கம் அறியாமல் விஷயத்தை முடித்துவிட வேண்டுமென்று முதலில் நுழைந்த கடையிலேயே, முதலில் சொன்ன விலைக்கே சம்மதித்து வந்துவிடுகிறவர்கள் அநேகர். நேரில் விற்பதிலுள்ள நஷ்டத்தில் பெரும்பகுதி வியாபாரியின் தந்திரத்தால் வருவதன்று. கையிலுள்ள பொருளில் என்ன இருக்கிறதென்று நாம் அறியாததால் வருவது.

பட்டுப்புடவையையே எடுத்துக்கொள்வோம். வீதியில் கூவிக்கொண்டு வருகிறவர் நம் புடவையின் வர்ணத்தையோ, அது முகூர்த்தப் புடவை என்பதையோ கவனிப்பதில்லை. கரையையும் முந்தானையையும்தான் பார்க்கிறார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆகையால் அதை எரித்து வெள்ளியை மீட்கலாம். ஓர் இழையை உருவி மேற்சுற்றைச் சுரண்டும்போது உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் பெரும்பாலும் அசல் என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட புடவையை வாசலில் கொடுக்காமல், வெள்ளியின் அன்றைய விலையைக் கேட்டறிந்துகொண்டு, இரண்டு மூன்று கடைகளில் காட்டுவது உசிதம். நைந்த பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் எவர்சில்வர் பாத்திரக்காரர் தரும் ஒரு டப்பாவே அதிகபட்சம்.

நகையின் கணக்கு வேறு. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. பொன்னுக்கு மட்டுமே விலை. 5 சவரன் அட்டிகை ஒன்று 40 கிராம் எடை நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். கல்லும் அரக்கும் 3 கிராம் என்று கழித்தால் மீதி 37. அது 22 காரட், அதாவது 91.6 சதவீதம் என்றால், சுத்தப் பொன் ஏறக்குறைய 33.9 கிராம். பற்றவைப்பு மிகுந்து 80 சதவீதம்தான் தேறுமானால் 29.6 கிராமாகக் குறைந்துவிடும். பேரம் முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. உரைகல்லில் உரைப்பதும், ஊடுகதிர் இயந்திரத்தில் வைப்பதும் மேற்பரப்பைத்தான் சொல்லும். உள்ளிருக்கும் பற்றைச் சந்தேகிக்கும் கடைக்காரர் உருக்கிப் பார்க்க விரும்புவார். உருக்குவதானால் நம் கண்ணெதிரே உருக்கவேண்டும். உருக்கிய பின் விலை பிடிக்காவிட்டால் நகை திரும்ப வராது என்பதால், அதற்குமுன் ஹால்மார்க் பரிசோதனை மையம் ஒன்றில் சிறு கட்டணம் செலுத்தி மாற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கவேண்டும். பாட்டி காலத்து நகைகளில் இவையெல்லாம் இரா. அதனால் அவை மட்டம் என்று அர்த்தமில்லை.

கழற்றிய கற்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்கலாகாது. கெம்புக்குக் கடையில் ஒன்றும் தராவிட்டாலும், புதிது செய்யும் ஆசாரிக்கு அது உபயோகமாகும். நாகர்கோவிலிலுள்ள வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளோ இந்த நியாயத்துக்குள் அடங்காதவை. அவை வெள்ளியின்மேல் பொன்தகடு போர்த்திக் கல் பதித்தவை. உருக்கினால் சொற்பமே மிஞ்சும். பரதநாட்டியம் பயில்கிற பெண்ணின் குடும்பத்துக்கு முழு ஆபரணமாக விற்றால்தான் வேலைப்பாட்டுக்கும் விலை உண்டு. இத்தகைய பொருளை நகைக்கடைக்கு எடுத்துச் செல்வதே வீண் அலைச்சல் என்பது என் அபிப்பிராயம். நாட்டிய ஆசிரியைகளிடம் சொல்லி வைப்பது மேல்.

விலை திகைந்ததும் மொத்த எடை, கழிவு, நிகர எடை, மாற்று, அன்றைய விலை ஆகிய ஐந்தும் குறித்த ரசீதைப் பெறவேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆகையால் பெருந்தொகையாயின், வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்வதே முறை.