வெப்கேமராவில் சிக்கும் சாராபாய் பள்ளம்

நிலாவைப் பெரிதாகப் படம் பிடிக்க லட்ச ரூபாய் கேமரா வேண்டும் என்றுதான் பலரும் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். வீடியோ சாட்டிங்கிற்காக வாங்கி, இப்போது மேஜை டிராயரில் தூங்கும் வெப்கேமரா, ஒரு சிறிய டெலஸ்கோப், ஒரு சாதாரண கம்ப்யூட்டர் ஆகியவை போதும். மீதி வேலையை இலவச சாப்ட்வேர்கள் பார்த்துக் கொள்ளும்.

சும்மா நிலா என்று இல்லாமல், ஒரு குறிப்பிட்ட இலக்கை வைத்துக் கொண்டால் ஆர்வம் கூடும். நான் எடுத்துக் கொண்டது சாராபாய் பள்ளம். விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் மறைந்தார். 1973ல் நிலாவின் மாரே செரினிடாட்டிஸ் சமவெளியில் பெசல் ஏ என்று அழைக்கப்பட்டு வந்த பள்ளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. குறுக்களவு சுமார் 8 கி.மீ. சந்திரயான்-2 இதை மிக அருகிலிருந்து எடுத்த படத்தை இஸ்ரோ 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. அதே பள்ளத்தைச் சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து பிடிக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மடுகரையில் நான் பயன்படுத்துவது 114 மி.மீ. கண்ணாடியும் 900 மி.மீ. குவிய தூரமும் கொண்ட நியூட்டோனியன் டெலஸ்கோப். காற்று அசையாமல் நின்றால், நிலாவில் ஏறக்குறைய 2 கி.மீ. அளவுள்ள விவரங்களை இது பிரித்துக் காட்டும். ஆகவே சாராபாய் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் காற்று எங்கே நிற்கிறது? எரியும் அடுப்புக்கு மேலே பார்த்தால் எதிர்ச் சுவர் நெளியும் அல்லவா, அதே போல நிலாவும் நெளிந்து கொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும், ஒரே ஒரு போட்டோவை எடுத்தால் அந்த நெளிவும் சேர்ந்தே பதிவாகும்.

வெப்கேமராவின் பலம் இங்கேதான். அது விநாடிக்கு 30 பிரேம்கள் எடுக்கும். காற்று ஒரு கணம் அமைதியாகும்போது சில பிரேம்கள் தெளிவாக விழுந்துவிடும். அவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறைந்து, உண்மையான விவரம் மேலே வரும். இதற்கு லக்கி இமேஜிங் என்று பெயர். அப்படி ஒரு நல்ல பிரேம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை டேவிட் ஃபிரைட் என்ற அமெரிக்கர் 1978லேயே கணக்கிட்டுக் காட்டினார்.

கேமராவைப் பொருத்துதல்

திருகிக் கழற்றக் கூடிய லென்ஸ் உள்ள வெப்கேமராவைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டால் டெலஸ்கோப்பே அதன் லென்ஸ் ஆகிவிடும். பழைய 35 மி.மீ. பிலிம் ரோல் வரும் பிளாஸ்டிக் டப்பா, ஒன்றேகால் அங்குல ஐபீஸ் குழாயில் ஏறக்குறையச் சரியாக உட்காரும். டப்பாவின் அடியை வெட்டி, கேமராவின் முன்பக்கத்தில் ஒட்டிக் கொள்ளலாம். ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டால் இன்னும் ஓரிரண்டு டப்பா கிடைக்கும். இல்லையென்றால் இதற்கென்றே விற்கும் அடாப்டரை வாங்கிக் கொள்ளுங்கள். கழற்றிய பிறகு சென்சார் மேல் தூசி விழாமல் பார்த்துக் கொள்ளவும்.

என் கேமராவின் ஒரு பிக்சல் 5.6 மைக்ரான். இரண்டு மடங்கு பார்லோ லென்ஸ் சேர்த்தால் சாராபாய் பள்ளம் ஆறேழு பிக்சல் அகலத்திற்கு வரும். அவ்வளவுதான். சந்திரயான் படத்தோடு ஒப்பிட்டால் கடுகு. ஆனால் அந்தக் கடுகின் ஒரு பக்கம் கருப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் இருக்கும்போது, அது பள்ளம் என்று கண் உடனே சொல்லிவிடும்.

எந்த நாள், எந்த இடம்

பௌர்ணமியை விட்டுவிடுங்கள். சூரியன் நேர் மேலே இருந்து அடிப்பதால் நிழலே விழாது, பள்ளங்கள் தெரியாது. டெய்லி காலண்டரில் வளர்பிறை சப்தமியைத் தேடுங்கள். அன்று சாராபாய்க்குக் காலைப் பொழுது, நிழல் நீளமாக இருக்கும். சில மாதங்களில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். மாசி, பங்குனியில் சப்தமி நிலா அந்தி வேளையில் கிட்டத்தட்ட உச்சி வானத்தில் நிற்கும். நமக்கு இது பெரிய வசதி. நமது 12 டிகிரி அட்சரேகையில் நிலா உச்சம் தொடும்போது 49 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. லண்டனில் சில மாதங்களில் 10 டிகிரிதான். நிலா தாழ்ந்திருந்தால் அதிகக் காற்றின் வழியே பார்க்க வேண்டும், நெளிவும் அதிகம்.

மொட்டை மாடி வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலை சிமெண்ட் தளம் இரவு வரை கக்கிக் கொண்டிருக்கும். மண் தரையும் புல்லும் உள்ள கொல்லைப்புறமே மேல். டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடியோடு நிழலில் வைத்துவிடவும். சூரியன் முழுதும் மறையும் முன் மூடியைத் திறக்க வேண்டாம், பார்வையே போய்விடும். மேகம் மூடினால் வருந்த வேண்டாம். 1769ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இதே புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், அன்று காலை மேகம் சூழ்ந்ததால் ஏமாந்து போனார். அவருக்கு அடுத்த வாய்ப்பு 1874ல்! நமக்கு அடுத்த சப்தமியே உண்டு.

பதிவும் அடுக்குதலும்

ஷார்ப்கேப் சாப்ட்வேரைத் திறந்து 640×480 அளவைத் தேர்ந்தெடுங்கள். கேமரா இடம் கொடுத்தால் சுருக்கப்படாத வீடியோவையே எடுக்கவும். ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்தி, எந்த இடமும் முழு வெள்ளையாகாதபடி வெளிச்சத்தைக் குறைத்திடுங்கள். மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில், பார்லோவோடு பார்த்தால் நிலா அரை நிமிடத்திற்குள் திரையைக் கடந்துவிடும். ஆகவே 10 விநாடித் துண்டுகளாகப் பல பைல்கள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 300 பிரேம் இருக்கும். ஒரு பைல் 200 எம்பிக்குக் குறையாது, டிஸ்க்கில் இடம் பார்த்துக் கொள்ளவும்.

பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட்டில் பைலைத் திறந்து, பிளானட் என்பதற்குப் பதிலாக சர்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எல்லா பிரேமிலும் இருக்கும் ஒரு பள்ளத்தைக் கண்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்து, அனலைஸ் கொடுத்தால் பிரேம்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தும். முதல் 20 சதவீதத்தை, அதாவது 60 பிரேமை அடுக்கினால் இரைச்சல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். வரும் படம் மங்கலாகத்தான் இருக்கும், ஏமாற வேண்டாம். அதை ரெஜிஸ்டாக்ஸில் திறந்து வேவ்லெட் ஸ்லைடர்களை மெல்ல நகர்த்துங்கள். பள்ளங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். முதலில் 16 கி.மீ. அகலமுள்ள பெசல் தெரியும். அதற்கு வடகிழக்கே இருக்கும் சிறியதுதான் சாராபாய். நியூட்டோனியனில் படம் தலைகீழாக வரும் என்பதால் 180 டிகிரி திருப்பிவிட்டுத் தேடவும்.

அந்த ஸ்லைடரில்தான் ஆபத்தும் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் இரைச்சலே பள்ளம் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். 2023ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்து ஒரு செல்போனால் எடுத்தபோது, அதில் இல்லாத விவரங்களை அந்தப் போன் தானே சேர்த்துக் காட்டியது பெரிய சர்ச்சையானது. கொல்லைப்புறத்தில் கொசுக்கடி வாங்கி எடுக்கும் படத்தில் அந்த வேலையை நாமே செய்துவிடக் கூடாது. எனவே ஒரு பைலோடு நிறுத்தாமல், வேறு இரண்டு பைல்களைத் தனித்தனியே அடுக்கி, ஒரே அளவு வேவ்லெட் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் அதே இடத்தில், நிழல் அதே பக்கம் இருந்தால் அது பள்ளம். ஒன்றில் மட்டும் இருந்தால் அழித்துவிடுங்கள். முடிவான படத்தை ஜேபெக்கில் அல்ல, பி.என்.ஜி. பார்மட்டில் சேமித்திடவும். மூல வீடியோவில் நல்லதாக இரண்டு மூன்றை வைத்துக் கொள்ளுங்கள். அடுக்கும் சாப்ட்வேர்களின் புதிய பதிப்பு வரும்போது அதே பைலிலிருந்து இன்னும் நல்ல படம் எடுக்கலாம்.