காதுக்குள் நைட் ஷிப்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கேன்டீன் இருந்தால், அதன் பின்புறம் ஒரு தாய்ப்பூனையும் இருக்கும். பாதி நாள் எலி, மீதி நாள் மீன்குழம்பு எச்சம் என்று அதன் பிழைப்பு ஓடும். சாக்குக் குவியலின் இடுக்கில் குட்டி போடும். ஒரு மாதம் போனதும் யாராவது ஒரு தொழிலாளி குட்டியொன்றை அறைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அன்றிரவே வில்லங்கம் தெரியும். குட்டி தலையை உதறிக்கொண்டே இருக்கும். பின்னங்காலால் காதைப் பிறாண்டும். மடலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே கறுகறுவென்று பொடி அப்பியிருக்கும்.

துணியால் துடைத்தால் போகிற அழுக்கில்லை அது. ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ் என்ற சிற்றுண்ணியின் குடியிருப்பு. காது மெழுகு, காய்ந்த ரத்தம், உண்ணியின் கழிவு, முட்டை எல்லாம் கலந்ததுதான் அந்தப் பொடி. கொஞ்சம் எடுத்துக் கறுப்புத் தாளில் தட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் நகரும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், சிலந்திக்கு உறவு. தோலைக் குடையாமல் மேற்பரப்பிலேயே மேய்கிறது. முட்டையிலிருந்து முழு உண்ணியாக ஏறக்குறைய மூன்று வாரம். குட்டிக்கு இது வருவது பெரும்பாலும் தாயிடமிருந்து, ஒட்டிப் படுத்துப் பால் குடிக்கும்போது.

உள்ளே என்ன நடக்கிறது என்று குட்டி சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் முன்வந்தார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ராபர்ட் லோபஸ், பூனையின் காதிலிருந்து உண்ணிகளை எடுத்துத் தன் காதிலேயே போட்டுக்கொண்டார். முதலில் சுரண்டும் ஓசை, பிறகு ஊர்ந்து திரியும் ஓசை, அப்புறம் தாங்க முடியாத அரிப்பு. பகலில் அடங்கிக் கிடந்த கூட்டம் இரவானதும் நைட் ஷிப்ட் ஏறியது. மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார். அதோடு விட்டாரா? மூன்று முறை செய்து பார்த்தார். அடுத்தடுத்த முறைகளில் தொல்லை குறைந்தது. உடல் ஓரளவு பழகிக்கொள்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. 1993-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை எழுதினார். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 1994-இல் அவருக்குக் கிடைத்தது. எனக்கென்னவோ இதில் சிரிப்பைவிட மரியாதைதான் அதிகம் வருகிறது.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வளர்ந்த பூனையின் காது 80,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும்; எலியின் மெல்லிய கீச்சுக்காகவே அமைந்த கருவி அது. மனிதக் காதுக்கே அத்தனை இரைச்சல் என்றால் அந்தக் காதுக்கு?

காதுப் பிரச்சினை எல்லாமே இந்த உண்ணியால் வருவதில்லை. காது மடலின் ஓரத்தில் சாம்பல் நிறப் பொருக்குத் தட்டி, முகத்துக்கும் பாதத்துக்கும் பரவினால் அது நோட்டோட்ரிஸ் கேட்டை உண்டாக்கும் சொறி. இந்த உண்ணி தோலுக்குள் வளை தோண்டும்; தூக்கிக் கொஞ்சுகிறவருக்கும் சில நாள் அரிப்பைக் கொடுக்கும். வட்டவட்டமாக முடி கொட்டினால் பூஞ்சையால் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். புற ஊதா விளக்கொளியில் பல நேரம் பச்சையாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் உண்ணியைவிட நான் பயப்படுவது கைமருந்துக்குத்தான். பூனைக் கல்லீரலில் ஒரு குறை உண்டு. பல நச்சுகளைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் நொதி ஒன்று நமக்கு இருக்கிறது. அதற்கான மரபணு பூனையிடம் சிதைந்து கிடக்கிறது. சிங்கத்துக்கும் இதே கதிதான். இறைச்சியே தின்று வாழ்ந்த பரம்பரைக்குத் தாவர நச்சுகளை முறிக்கும் அவசியம் இல்லாமல் போனதால் அது உதிர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். விளைவு கொடியது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பெரிய பூனையையே கொன்றுவிடலாம். பினாயிலும் அதன் வகைக் கிருமிநாசினிகளும் ஆகாது. நாயின் முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு வலிப்பு வரவைக்கும். குட்டியோ அரைக் கிலோகூட இருக்காது. மேலே பூசியதையெல்லாம் நக்கியே உள்ளே தள்ளிவிடும்.

சரியான மருந்துக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து அவர்மெக்டின் என்ற மருந்துக் குடும்பம் பிறந்தது. அதற்காக அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செலமெக்டினை எட்டு வாரம் கடந்த குட்டிக்குப் பிடரியில் சொட்டாக விடுகிறார்கள். வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முடியாவிட்டால், மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில்தான்.

குட்டியோடு கூடப்பிறந்தவையும் தாயும் சிகிச்சை பெறவில்லை என்றால் வேலை பாதியில்தான் நிற்கிறது. அறையில் குணமான குட்டி ஒருநாள் கேன்டீன் பக்கம் போய்த் தாயோடு உரசிப் படுத்தால் போதும், உண்ணி திரும்ப ஏறிவிடும். தாயைப் பிடிக்கத்தான் பொறுமை வேண்டும். அதற்குச் சிறந்த நேரம் மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு.