இருக்கைக்கு அடியில் இருக்கும் கத்தி யாரைக் காக்கும்?

2024 மே 17 அதிகாலையில் ஜொகூர், உலு திராம் காவல் நிலையத்தில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டனர். தாக்கியவன் பாராங் கத்தியுடன்தான் உள்ளே வந்தான். ஒருவரை வெட்டி, அவருடைய துப்பாக்கியைப் பறித்து, அதைக் கொண்டே இன்னொருவரைச் சுட்டான்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் மாணவர்கள் மத்தியில் ஒரு பேச்சு எழுகிறது: "அமெரிக்காவைப் போல நம்மிடமும் துப்பாக்கி இருந்தால் நம்மை நாமே காத்துக்கொள்ளலாமே!"

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமை. வெளியே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்றிருந்த நியூயார்க் மாநிலச் சட்டத்தை, 2022 ஜூன் 23 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு உரிமமே தேவையில்லை.

மலேசியாவில் நிலைமை நேர்மாறானது. "உனக்கு ஆயுதம் எதற்கு?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க மாநிலப் போலீஸ் தலைவரின் உரிமம் வேண்டும். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி, குரங்குகளை விரட்ட உரிமம் பெற்ற தோட்டக்காரர்கள் உண்டு. உரிமம் இல்லாவிட்டால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்று விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. கையில் ஆயுதம் இருந்தது என்பதற்கே உயிர் போனது.

"நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நம் இளைஞர்கள் மறைத்து எடுத்துச் செல்வது பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. கார் இருக்கைக்கு அடியில் பாராங், மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டிக்குள் கத்தி. கேட்டால், "தற்காப்புக்குத்தான்" என்பார்கள்.

1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, முறையான காரணமின்றி பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. யாரையும் கீறியிருக்க வேண்டியதில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு சிறை, கூடவே பிரம்படி. செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவரின் அரிவாளுக்குக் காரணம் இருக்கிறது. நள்ளிரவில் உணவுக்கடைக்குப் போகிறவரின் பாராங்குக்கு என்ன காரணம் சொல்வது? இணையத்தில் வாங்கும் போலித் துப்பாக்கியும் விளையாட்டல்ல. ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு.

தற்காப்பு உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு முதல் அது விளக்கப்பட்டுள்ளது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தாக்கக்கூடாது என்று 99ஆம் பிரிவு வரம்பு வைக்கிறது. ஆபத்து வரும் நேரத்தில் தற்காத்துக்கொள்வது வேறு, ஆபத்து வரலாம் என்று தினமும் கத்தியோடு திரிவது வேறு.

உலு திராமை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பயிற்சி பெற்ற போலீஸ்காரரின் இடுப்பில் இருந்த துப்பாக்கியே நொடியில் கைமாறியது. பயிற்சியே இல்லாத நம் கையில் இருக்கும் ஆயுதம் நம்மிடமே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வாய்ச்சண்டையோடு முடிய வேண்டியதை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கத்தி கொலை வழக்காக்கிவிடும்.

மிரட்டல் வந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள், 999க்கு அழையுங்கள், போலீஸில் புகார் செய்யுங்கள். நண்பனின் காரில் கத்தி இருப்பது தெரிந்தால், அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவன் கேலி செய்தாலும் பரவாயில்லை. ஐந்து ஆண்டு சிறை என்பது ஒரு பட்டப்படிப்பை முடிக்கும் காலத்தைவிட நீண்டது.