உஷார்! கையெழுத்துப் போடுமுன் அந்தப் பாரத்தைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கதவைத் தட்டினாள். ஒரு கையில் கைப்பேசி, தோளில் ஈரத்துண்டு. "அக்கா, மகளோட டியூஷன்ல இருந்து ஒரு பாரம் அனுப்பியிருக்காங்க. இன்னிக்கு ராத்திரியோட கடைசியாம். முக்கால்வாசி நிரப்பிட்டேன், இந்த ரெண்டு கேள்விதான் விளங்கல."

அவளுக்குச் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஜொகூர் ஸ்கூடாயிலிருந்து விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலத்து நெரிசலுக்கு முந்தி அந்தப் பக்கம் போய்ச் சேர முடியும். எங்கள் தமானில் பாதி வீட்டுக் கதை இதுதான். பிள்ளை நீட்டுகிற தாளை இவர்கள் எப்போது படிப்பார்கள்? பாதித் தூக்கத்தில் பேனாவை வாங்கி, "எங்க போடணும், சொல்லு" என்று கேட்டுப் போட்டுவிடுவதுதான் வழக்கம். நானும் அப்படிப் போட்டவள்தான். நம்மூரில் படிவத்துக்கும் பாரம் என்றுதான் பெயர், பிள்ளை படிக்கிற வகுப்புக்கும் பாரம் என்றுதான் பெயர். சுமைக்கும் அதே சொல்தானே.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். முதலில் பிள்ளையின் முழுப்பெயர், அடுத்து ஐசி எண், அதாவது அடையாள அட்டை எண். பிறகு வீட்டு முகவரி, அப்பா சம்பளம், அம்மா சம்பளம். அதற்குக் கீழே ஜந்தினா, அதாவது பாலினம்: லெலாக்கி (ஆண்), பெரம்புவான் (பெண்), மூன்றாவதாக 'சொல்ல விரும்பவில்லை'. அதற்கும் கீழே இருந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உன் பாலினம் உனக்கு மனநிறைவாக இருக்கிறதா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு வட்டத்தைத் தொட வேண்டும்.

"பொம்பளப் பிள்ளையா இருக்கிறது பிடிச்சிருக்கான்னு கேக்கிறாங்களா?"

"அப்படித்தான் தெரியுது."

"அவளுக்கு மாசாமாசம் வயித்து வலி, ரெண்டு நாளு எழுந்திரிக்க மாட்டா. இதுல எங்கக்கா பிடிக்கும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினான்கு வயதுப் பெண் வயிற்று வலி நேரத்தில் இரண்டாம் வட்டத்தைத் தொட்டால், அதைப் படிக்கிற ஆள் என்ன முடிவுக்கு வருவார்? அவர் யார்? அந்த இரண்டு எந்தக் கோப்பில், எந்தப் பெயருக்கு நேராகப் போய் உட்காரும்?

பாலினம் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்கிறார்களாம் என்று பெற்றோர் பதறினால், பெரும்பாலும் பதற்றம் ஒரே திசையில்தான் போகிறது: கேள்வியைப் படித்தாலே பிள்ளை மாறிவிடும் என்று. எனக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு கேள்வியால் மாறுகிற சங்கதியா இது? என் பயமெல்லாம் பதிலைப் பற்றியது. பெயரும் ஐசி எண்ணும் மேலே இருக்கும் தாளில் பிள்ளையின் அந்தரங்கம் கீழே ஏறினால், அது கருத்துக்கணிப்பு இல்லை, பட்டியல். பட்டியல் என்ன செய்யும் என்பதை மலேசியா ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

திரெங்கானு மாநிலக் கல்வித்துறை பள்ளிகளிடம் ஒரு வேலை சொன்னது. பெண்மைச் சாயலோடு நடக்கிற, பேசுகிற மாணவர்களைப் பார்த்துப் பெயர் கொடுங்கள் என்று. 66 பையன்களின் பெயர் போனது. இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகள். 2011 ஏப்ரலில் பெசூட்டில் நான்கு நாள் முகாம் போட்டு அவர்களை 'ஆண்மைப்படுத்த' அனுப்பினார்கள். அப்போதைய மகளிர் அமைச்சர் ஷாரிசாட்டே அதைக் கண்டித்தார். கண்டித்து என்ன செய்ய? யார் அந்த 66 பேர் என்று அதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துபோயிருக்கும். அங்கே பாரம் கூடத் தேவைப்படவில்லை, ஆசிரியரின் கண்ணே போதுமாக இருந்தது.

அடுத்த ஆண்டு நம் ஜொகூர்க்காரர் ஒருவர் செய்தியில் அடிபட்டார். பத்து பஹாட் நாடாளுமன்ற உறுப்பினர், அன்றைய கல்வித் துணையமைச்சர் புவாட் சார்காசி. பினாங்கில் பெற்றோர், ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றை அவர் தொடங்கிவைத்தார். ஓரினச்சேர்க்கை 'அறிகுறிகள்' என்று ஒரு பட்டியல் அங்கே சுற்றியது. பையன் வி கழுத்துச் சட்டை போடுகிறானா, கையில்லாத சட்டை போடுகிறானா, பெரிய கைப்பை வைத்திருக்கிறானா என்று கவனிக்கச் சொன்ன பட்டியல். நாடே சிரித்தது. பிறகு கல்வியமைச்சு அது தன்னுடைய வழிகாட்டி இல்லை என்று கைகழுவியது. வி கழுத்துச் சட்டை போட்ட எத்தனை பையன்களை அந்த வாரம் வீட்டில் ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இப்போது ஐசி எண்ணுக்கு வருவோம். இந்தப் பன்னிரண்டு இலக்கத்தை நாம் கடைக்காரரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். முதல் ஆறு, பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம். ஜொகூர் என்றால் பெரும்பாலும் 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, ஐசி எண்ணை வாங்கியவருக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. அதன்பிறகும் பாலினத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு கேள்வி வருகிறது என்றால், அவர் கேட்பது வேறெதையோ. அது எதற்கு என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

அந்தக் கடைசி இலக்கம் லேசில் மாறுகிற இலக்கமும் இல்லை. 2016-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நந்தா பாலன், திருநம்பி ஒருவருடைய அடையாள அட்டையில் பெயரையும் பாலினத்தையும் திருத்தச் சொல்லித் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அங்கே 2008-இலேயே திருநங்கையர் நல வாரியம் வந்தது, 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. அங்கே ஒரு பாரத்தில் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டால் அதன் மறுமுனையில் அடையாள அட்டையோ உதவித்தொகையோ இருக்க வழியுண்டு. இங்கே குறியிட்டால் மறுமுனையில் என்ன இருக்கிறது? சொல்லுங்கள்.

இதற்காகக் கேட்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகக் கேட்கிற முறையும் இதே நாட்டில் இருக்கிறது. சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடத்துகிற தேசிய ஆய்வு 2022-இல் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொட்டது. உடலுறவு அனுபவம் உண்டா என்றுகூடக் கேட்டது, 7.6 விழுக்காட்டினர் உண்டு என்றார்கள். தற்கொலைக்கு முயன்றதுண்டா என்று கேட்டது, 9.5 விழுக்காடு. கேட்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டாவது எண் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் விடைத்தாளில் பெயர் இல்லை. பிள்ளை பயமில்லாமல் எழுதியதற்குக் காரணமே அதுதான்.

பெயர் இல்லை என்று சொல்லிவிட்டு எண் போடச் சொன்னால்? ஸ்காட்லாந்தில் 2021-இல் நடந்தது அதுதான். பள்ளிப் பிள்ளைகளின் நலன் பற்றிய கணக்கெடுப்பு என்று அரசாங்கம் ஒன்றைக் கொண்டுவந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் பாலியல் அனுபவம்வரை கேட்டார்கள். உள்ளே நுழைய ஒவ்வொரு பிள்ளையும் தன் தேர்வு எண்ணைப் போட வேண்டியிருந்தது. ரகசியம் காப்போம் என்றார்கள். ரகசியம் வேறு, பெயரில்லாமை வேறு என்று பெற்றோர் பிடித்துக்கொண்டார்கள். 32 உள்ளாட்சி மன்றங்களில் பல, பங்கெடுக்க மாட்டோம் என்று விலகின.

நம்மூரில் சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தால் அங்கேயும் ஓட்டை. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளி, அரசு கிளினிக் எல்லாம் அந்த வேலிக்கு வெளியே. தனியார் பாலர் பள்ளி, டியூஷன் மையம், அனைத்துலகப் பள்ளி வேலிக்கு உள்ளே வரும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் சம்மதம் பெற்றோரிடம்தான் வாங்க வேண்டும். அந்தச் சட்டம் 'உணர்வுமிக்க தகவல்' என்று உடல்நலம், மனநலம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, குற்றப் பின்னணி போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாலின அடையாளம் அந்தப் பட்டியலில் பெயராக இல்லை.

எனவே பள்ளி வழியாக ஓர் ஆய்வுப் பாரம் வந்தால் முதலில் அனுமதிக் கடிதம் கேளுங்கள். பள்ளியில் வெளியார் யார் ஆய்வு நடத்தினாலும் கல்வியமைச்சின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். அதன் மேல் ஜொகூர் மாநிலக் கல்வி இலாகாவின் கடிதம் வேண்டும். "சார், கடிதத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டால் எந்த நல்ல ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிஐபிஜி எனும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேண்டீன் விலைக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிற நாம், இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் குடிமுழுகிப் போகாது.

ஆனால் இன்னொரு உஷாரும் உண்டு. பயந்துபோய் எதிலுமே கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்காதீர்கள். முதலாம் படிவத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் ஊசிக்கும் உங்கள் சம்மதம் கேட்டுத்தான் தாள் வரும். 2010 முதல் இலவசமாகப் போடுகிற ஊசி அது. மூன்றாம் படிவத்தில் ரண ஜன்னி ஊசி. இந்தத் தாளையெல்லாம் 'என்னமோ கேக்கிறாங்க' என்று கிழித்துப்போட்டால் நட்டம் பிள்ளைக்கு.

புலனத்தில் சுற்றி வருகிற படத்தைப் பார்த்துப் பள்ளிக்குப் படையெடுக்கவும் வேண்டாம். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்றே இல்லாத பாதித் தாளின் படத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியையை அழவைத்த குழுவில் நானும் உறுப்பினர், வெட்கத்தோடு சொல்கிறேன். மூன்றாவது கட்டம் இருந்தாலே சதி என்றும் பாய வேண்டாம். கூகல் பாரத்தில் பாலினம் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஆண், பெண், சொல்ல விரும்பவில்லை என்ற மூன்றையும் அதுவே எடுத்துக்கொடுக்கும். 'எல்லாவற்றையும் சேர்' என்று ஒரு தட்டு. அவசரத்தில் இருக்கிற டீச்சர் அதைத்தான் செய்வார்.

அதே கூகல் பாரத்தில் நான் அதிகம் பயப்படுகிற பொத்தான் வேறு. முடிவுகளின் தொகுப்பைக் காட்டு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பாரம் செய்தவர் அதைத் திறந்து வைத்துவிட்டால், நிரப்பி முடித்தவருக்கு 'முந்தைய பதில்களைப் பார்' என்று ஒரு வரி வரும். தொட்டால் மற்றவர்கள் எழுதிய பெயர், எண் எல்லாம் வரிசையாக விரியும்.

அந்த ஞாயிறு ராத்திரி எனக்கு அதுதான் சந்தேகம். தங்கச்சியிடம் கேட்டேன், மகளின் தோழியுடைய அம்மா ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். அவரைக் கூப்பிட்டோம். அனுப்பிய பிறகு ஏதாவது வரி வந்ததா? வந்ததாம். தொட்டுப் படம் பிடித்து அனுப்பினார். நாற்பத்தொரு பிள்ளைகள். பெயர்கள் ஒரு பக்கம், ஐசி எண்கள் ஒரு பக்கம், கீழே அழகான வண்ணத்தில் ஒரு வட்டப் படம். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒன்றைத் தொட்ட பிள்ளை ஒன்றே ஒன்று. யார் என்று அந்தப் படம் நேராகச் சொல்லவில்லை. ஒரே வகுப்பில் படிக்கிற நாற்பது பிள்ளைகள் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியுமாக்கா?" என்றாள். மகளிடம் போய், நீ எதைத் தொட்டிருப்பாய் என்று கேட்காதே, அவளாகப் பேசினால் கேட்டுக்கொள், அது அவள் விஷயம் என்று மட்டும் சொன்னேன். மையத்துக்கு மலாய் மொழியில் நான்கு வரி எழுதிக்கொடுத்தேன்: இந்தக் கேள்வி எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள், தயவுசெய்து பதில்களை உடனே மூடுங்கள். பதினொன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் போனாள். நாலரைக்குக் கிளம்ப வேண்டும்.

காலை பத்து மணிவாக்கில் புதிய இணைப்பு வந்தது, மன்னிப்புக் குறியோடு. மனநிறைவுக் கேள்வியைக் காணோம். முந்தைய பதில்களைக் காட்டுகிற வரியும் போயிருந்தது. ஐசி எண் கேட்கும் கட்டம் மட்டும் அதே இடத்தில், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்கிற சிவப்பு நட்சத்திரத்தோடு இருந்தது.